உயரம் கணக்கிட இயலவில்லை

நாகலூர் ரோட்டில்
காபிக்கொட்டை கொட்டிவைத்திருந்த ஷெட்டுக்குள்
நாற்பத்தாறு கண்ணாடிகள்.
ஆள் அசைந்தால் ஒளி அசையும்.
எப்படி அசையுமென்று
நிரல் எழுதிய நிலோஃபருக்கே தெரியாது.

எனக்குத் துடைக்கிற வேலை.
மூக்கு பதிந்த தடம், குழந்தை நக்கிய தடம்.
சேலத்திலிருந்து வந்த புதுஜோடி
தங்கள் முதுகைத் தாங்களே பார்த்துவிட்டு
கொஞ்சம் விலகி நின்றார்களே,
அந்த இடத்தில் துடைக்க ஒன்றுமில்லை.

செவ்வாய் விடுமுறை.
மெயினை அணைக்க மறந்திருக்கிறேன்,
மூன்றாவது ஜன்னலின் கொக்கியையும்.
புதன் காலை திரையில்:
பார்வையாளர் ஒருவர்.
தங்கிய நேரம் பதினோரு மணி.
உயரம் கணக்கிட இயலவில்லை.

நிலோஃபர் பதிவை ஓட்டினாள்.
எங்கள் யாருக்கும் இதுவரை காட்டாத ஒரு நீலம்
சுவரிலிருந்து எழுந்து
யாருக்கோ வழிவிட்டு
மறுபடி உட்கார்ந்தது.
"சென்சாரில் பனி இறங்கிடுச்சு" என்றாள்,
ஆனால் நிறுத்தவில்லை,
முதலிலிருந்து ஓட்டினாள்.

நான் துணியை எடுத்தேன்.
நாற்பத்தாறிலும் நான் இல்லை.
துடைக்கத் துடைக்க
காது, தோள், நேற்றைய சட்டை என்று
வந்துகொண்டிருந்தேன்.

கடைசிக் கண்ணாடியை
டிக்கெட் கவுன்ட்டர் திறக்கும்வரை
விட்டுவைத்தேன்.