ஹார்பர் லைன்

வடாலாவில் பெண்கள் பெட்டிக்குள் ஏறிவிட்டால்
இருபது நிமிஷம் எனக்கு ஒரு குறையும் இல்லை.
சிவ்ரி வளைவில் எல்லோரும் சாய்கிறார்கள்.
பூக்காரி, வக்கீலம்மா, கைக்குழந்தையோடு ஒருத்தி,
யார்மேல் யார் விழுந்தாலும்
யாரும் யாரையும் ஏனென்று கேட்பதில்லை.

மஸ்ஜித்தில் இறங்குகிறோம்.
எல்லோருக்கும் ஆட்டம் நின்றுவிடுகிறது.

படி எனக்கு இரண்டாகத் தெரியும்.
எது பொய்ப்படி என்று
கைப்பிடிக் கம்பியைக் கேட்டுத்தான் கால் வைப்பேன்.
கம்பியில் சாய்ந்து யாராவது போன் பேசினால்
பேசி முடிக்கும்வரை நிற்பேன்.

நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்.
நான் திரும்பினால் தெருவும் கூடத் திரும்பும்.
முன்பெல்லாம் நடையைக் கால்களே பார்த்துக்கொண்டன;
இப்போது அதுவும் என் மேஜைக்கு வந்துவிட்டது,
ஏலக்காய் மண்டிக் கணக்கோடு.
இந்த அடிக்கு எவ்வளவு, அடுத்ததற்கு எவ்வளவு.

சோறு இறங்கிவிடுகிறது, தண்ணீர்தான் புரையேறுகிறது.
தாடையை நெஞ்சோடு ஒட்டி மிடறு மிடறாக.
தாகம் அதற்குள் அலுத்துப் போகிறது.
மத்தியானம் மூன்று மணிக்குப் போனில்
"இப்பத்தான் எழுந்தீங்களா?" என்கிறார்கள்.
சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால்
பேசின் எங்கோ போய்விடுகிறது;
ஒரு கண்ணை எரியவிட்டுத்தான் முகம் கழுவுகிறேன்.

ஆலயத்தில்,
"எழுந்து நின்று கண்களை மூடுவோம்" என்பார் ஐயர்.
நான் பெஞ்சைப் பிடித்தபடி திறந்தே வைத்திருப்பேன்.

அப்பாவும் திறந்தே வைத்திருந்தார்.
காணிக்கைப் பையில் யார் என்ன போடுகிறார்கள் என்று
வேவு பார்ப்பதாக அம்மா சொன்னாள்.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டும் வேலை அவருக்கு.
ஞானசிகாமணி என்கிற தன் பெயரைச் சொல்லும்போதே
பாதியில் வழுக்கும்.
ஒருநாள் கேட்டில் வாட்ச்மேன் ஊதச் சொன்னான்.
ஊதினார்.
வாடையே இல்லை.
"ஏதோ புதுச் சரக்கு," என்று எழுதிக்கொண்டான்.

வேலை போன பிறகு, சபையார் முன்னால்,
இனிமேல் குடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டார்.
ஒரு சொட்டுத் தொட்டவரில்லை.
அதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார்போல.
மனந்திரும்பியவரின் நடை மட்டும் திரும்பவில்லை.
அடுத்த மாதமே சபையில் சிரித்தார்கள்.
அக்கா, நான், நாங்களும்.

பரேல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அஷ்வினி காலே
தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
ஒரே மூன்றெழுத்து, திரும்பத் திரும்ப.
நாற்பதுக்குள் நின்றிருக்க வேண்டியது
எழுபத்தொன்று வரை திக்கியிருக்கிறது.
"வீட்டில் வேறு யாருக்காவது?"
"அப்பா குடிகாரர்" என்று தொடங்கினேன்.
பழக்கம்.
தொடங்கிய வாக்கியத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
அவருடைய பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறுதிமொழித் தாள் அம்மாவின் வேதாகமத்தில் இருந்தது,
யோபுக்கும் சங்கீதத்துக்கும் நடுவே.
கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று
வங்கி திருப்பியனுப்பிய என் காசோலையை
அதன் பக்கத்தில் வைத்தேன்.
ஞானசிகாமணி. ஞா. அருள்மணி.
இரண்டிலும் அந்த மணி
கோட்டைவிட்டு இறங்கி
ஒரே பக்கமாக விழுகிறது.
எனக்கு ஒத்துப்போகிறது.

அம்மாவிடம் காட்ட முடியாது.
அவள் போய்ப் பதினோரு வருஷம்.

அக்கா ஜெபக்கனி புனேயில் இருக்கிறாள்.
சோதனை வேண்டாமாம், மகன் கல்யாணம் முடியட்டுமாம்.
ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள்.
பேசிக்கொண்டே காபி டம்ளரைத் தூக்கினாள்.
நான் அவள் முகத்தை விட்டுவிட்டு
டம்ளரின் விளிம்பையே பார்த்தேன்.
கண்டுகொண்டாள்.
போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள்.
கை மறைந்துவிட்டது, ஃபேன் தெரிந்தது.
"பம்பாயில் மழையா?" என்றாள்.
இல்லை என்றேன்.
"என்னது?"
இல்லை என்றேன்.
"சரியாக் கேக்கலை, இன்னொரு தரம் சொல்லு."