சங்குதான் ஊமை

மூன்று ஞாயிறாக இதே வேலை.
கோத்காவில் பிப்ரவரி. துறைமுகம் உறைந்து கிடக்கிறது.
பனியுடைக்கும் கப்பல் கிழித்துப்போட்ட கறுப்பு வழியில்
காகிதச் சுருள் ஏற்றிய கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன.
வாரத்தில் ஆறு நாள் நான் கிரேன் உச்சியில்.
ஏழாவது நாள் நிலவறையில்,
நானே அறுத்துப் பூட்டிய பைன்மரப் பெட்டிக்கு முன்னால்
முழங்காலிட்டு.

ஆம்ப் பாடுகிறது, அதில் குறையில்லை.
வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கண் விழிக்கின்றன.
கித்தார் கம்பியைத் தொட்டால் குரல் வருகிறது.
மொட்டைக் குரல்.
விழுந்த இடத்திலேயே கிடக்கிற குரல்.
ரிவர்ப் குமிழை ஒன்றிலிருந்து பத்துவரை திருப்பினால்
உள்ளே ஒரு வண்டு பெரிதாகிறது,
அவ்வளவுதான்.

வால்வை மாற்றினேன்.
சிவப்புக் கேபிளையும் வெள்ளைக் கேபிளையும் இடம் மாற்றினேன்.
சந்தேகப்பட்ட ஒவ்வொரு முடிச்சிலும் ஈயத்தை மறுபடி உருக்கினேன்,
சந்தேகப்படாதவற்றிலும்.
நானூற்றுப் பதினெட்டு வோல்ட் நிற்கும் இடத்தை
இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அளந்தேன்
(இரண்டு கையும் வெளியே இருந்தால்
மின்சாரம் நெஞ்சைக் குறுக்குவழியாக்கிக்கொள்ளும்).
எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே.
வரைபடத்தில் எதிரொலியும் இருக்கிறது.

மேல்வீட்டில் தூலிக்கி.
இரவெல்லாம் ரொட்டிக் கடை அடுப்பு, பகலில் உறக்கம்.
நான் ஒரே கம்பியை நூறாவது முறை தட்டியபோது
கட்டிலைவிட்டு இறங்கி
குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

ஆம்ப் இடித்தது.
தகரக் கூரைமேல் பாறை உருண்டதுபோல்,
உருண்டு, உருண்டு, தேய்ந்து,
மூன்று விநாடி.

அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
அவள் தரையைத் துளைத்து இறங்கும் வெந்நீர்க் குழாயில்
பெட்டி சாய்ந்திருந்தது.
பெட்டிக்கு அடியில் தகரத் தொட்டி, தொட்டிக்குள் இரண்டு ஸ்பிரிங்,
ஒரு முனையில் சொல்கிறவன், மறுமுனையில் கேட்கிறவன்.
இத்தனை நாளும்
செவிடன் காதில் சங்கு ஊதுகிறேன் என்றிருந்தேன்.
காதுக்கு ஒன்றுமில்லை. மேல்வீட்டுக் குதிகால்கூடக் கேட்கிறது.
சங்குதான் ஊமை.

படியிறங்கி வந்தாள், கம்பளிக் காலுறையும் கோபமுமாக.
“வொய்த்தோ, இன்றைக்கு இதை உடைக்கப்போகிறேன்.”
“இன்னொரு தடவை மிதி,” என்றேன்.
என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.
எதற்கென்று கேட்காமலே திரும்ப ஏறிப்போய்
இரண்டு தடவை மிதித்தாள்.
இரண்டாவது, கொஞ்சம் விருப்பத்தோடு.

மின்சாரத்தை அணைத்து, மின்தேக்கிகள் வடியக் காத்திருந்து,
தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
கேட்கும் பக்கம்: இருநூறு ஓம், கொஞ்சம் கூடக்குறைய.
சொல்லும் பக்கம்:
மீட்டர் ஓம் என்று சொல்லவே மாட்டேன் என்கிறது.
முடிவிலி.
பூதக்கண்ணாடிக்கு அடியில் தெரிந்தது,
என் புருவமயிரைவிட மெல்லிய பச்சைக் கம்பி.
சாக்கெட்டின் வாசல்வரை வந்துவிட்டு
உள்ளே நுழையாமல் நிற்கிறது.
அந்த இடைவெளிக்குள் விழுந்தவைதான் மூன்று ஞாயிறும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துளி ஈயம்.
முப்பது டன் பெட்டியை இறக்கும்போது நடுங்காத கை
இதற்கு நடுங்கியது.

ஐந்து மணிக்கெல்லாம் வெளியே இருட்டு.
ஒரே ஒரு தட்டு.
ஒலி போயிற்று. போய், எங்கோ ஈரச் சுவரில் முகம் மோதி,
எதற்குப் புறப்பட்டோம் என்று மறந்தவன்போல்
மெதுவாகத் திரும்பி வந்தது.
கரி மூட்டைக்கென்று கட்டிய அறை
படகுக் கொட்டகை அளவுக்கு விரிந்தது.
மேலேயிருந்து மிதி இல்லை.

கித்தாரைச் சாய்த்துவிட்டு, குமிழை அப்படியே விட்டிருந்தேன்.
குழாய் வழியாக இறங்கி வந்தது
நாற்காலி இழுபடும் ஓசை. அலமாரிக் கதவு.
ஒரு காலடி, நின்று, இன்னொரு காலடி.
ஒவ்வொன்றும் ஆளில்லாத தேவாலயத்தில் நடப்பதுபோல்
அத்தனை நீளமாக, அத்தனை தனியாக.
அது எனக்கான ஒலியல்ல.
எழுந்துபோய்ப்
பெட்டியைக் குழாயிலிருந்து ஒரு சாண் நகர்த்தி வைத்தேன்.

வண்டு இன்னும் இருக்கிறது, ஆறுக்கு மேல் திருப்பினால்.
அது டிரான்ஸ்பார்மர், தெரியும்.
அடுத்த ஞாயிறு.