நாற்பத்தேழு நாள்

பேதுரு செபமாலை. றோட்டு றோலர் சாரதி.
எண்பத்தொன்பதில் சேர்ந்தவர், இப்போது ஓய்வு.
கொழும்பிலிருந்து கோப்புத் திரும்பி வந்திருக்கிறது,
முதற் பக்கத்தில் பென்சிலால்:
"சேவை முறிவுக்கு விளக்கம் தருக."

தொண்ணூற்று நாலு, ஆவணி பிறந்து
புரட்டாதி முடியுமட்டும்
நாற்பத்தேழு கட்டங்கள் வெறுமை.
ஓரத்தில் சிவப்பு மை: சம்பளமற்றது.
கறையான் கூட
அந்தச் சொல்லைச் சுற்றித்தான் தின்றிருக்கிறது.

"எங்கை நிண்டனீங்கள்?"
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
வாசலைப் பார்த்தார், பிறகு மின்விசிறியை.
"கிளாலியாலை கொண்டு போனவை,"
மீன் விலை சொல்லும் குரலில் சொன்னார்.
"வீட்டுக்கு ஓராள் எண்டிச்சினம்.
என்ரை வீட்டிலை நான்தான் அந்த ஓராள்."

தாபனக் கோவையில் இருக்கிறது, வாசித்துக் காட்டினேன்:
தொண்டர் படைக்கு அழைக்கப்படும் உத்தியோகத்தருக்கு
முழுச் சம்பளத்துடன் விடுப்பு,
பதவி அவருக்கே, சம்பள ஏற்றம் தவறாது,
ஓய்வூதியக் கணக்கில் அந்த நாளும் நாள்.

தலையாட்டிக்கொண்டு கேட்டார்
பூசையில் வாசகம் கேட்பதுபோல.
"எங்களையும் விடிய நாலரைக்கு எழுப்பித்தான்
ஓட விட்டவை."
"துவக்கு?"
"மரத் துவக்கு. பின்னேரம் மண்வெட்டி."

படிவத்தில் ஒரு கூடு: படையின் பெயர்.
நான் பேனையை அதன் மேல் பிடித்தேன்.
அவரும் பார்த்தார்.
எழுதினால் காசு வராது,
வேறு ஆட்கள் வருவார்கள்.
பேனையை மூடினேன்.

"தெருவிளக்குப் பகுதிச் சற்குணமும் வந்தவன்,
ஒரே வள்ளம்."
அந்தப் பதிவேட்டையும் இழுத்தேன்.
சற்குணம் ஒரு நாளும் தவறவில்லை.
ஒரே கை, ஒரே நீல மை.
ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்கு வந்திருக்கிறார்.

"அவன்ரை ஓவசியர் நல்ல மனுசன்," என்றார்.
சற்றுப் பொறுத்து,
"என்ரை ஓவசியரும் நல்லவன்தான்.
பொய் எழுதத் தெரியாது."
பிறகு, நான் கேட்காமலே:
"சற்குணத்தின்ரை மனிசி அவன்ரை சம்பளத்தை எடுத்து
பாதியை எங்கடை வீட்டை
கொண்டுவந்து குடுத்தவ. இரண்டு மாசமும்."

அந்தப் பதிவேட்டை
எடுத்த அடுக்கிலேயே வைத்தேன்,
எல்லாவற்றுக்கும் அடியில்.

"அங்கை காய்ச்சல் ஏதும் வந்ததோ?"
"வந்தது. மலேரியா. பத்து நாள் உதறினது."
"பத்து நாள்தானோ?"
என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.
"நாற்பத்தேழு எண்டு வையுங்கோவன்."

சுகவீன விடுப்பு, அரைச் சம்பளம், சேவை முறிவில்லை.
கணிப்பானில் தட்டினேன், இரண்டு தரம்.
மாதத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு ரூபா கூடும்.
குருநகரிலிருந்து இங்கே வந்து போன ஓட்டோக் காசுக்கு
ஐந்து மாதம் செல்லும்.
அதையும் சொன்னேன்.
"பரவாயில்லை, எழுதுங்கோ."

மருத்துவச் சான்றிதழ் எங்கே என்ற வரியில்
"இடப்பெயர்வில் தொலைந்தது" என்று எழுதினேன்.
அந்த ஒரு வசனத்துக்கு
இந்தக் கந்தோரில் எவரும்
மேற்கேள்வி கேட்பதில்லை.

கையெழுத்து வைத்தார்,
மெதுவாக, காகிதம் அமுங்க.
எழும்பினவர் திரும்பிக் கேட்டார்,
"அந்த நாளிலை றோலர் எங்கை நிண்டதெண்டு
பதிவிலை இருக்கோ?"

வாகனப் பதிவேட்டைத் தேடினேன். இருந்தது.
"ஆரியகுளம் சந்தி. பழுது."

"பழுதில்லை," என்றார்.
"திறப்பு என்ரை பொக்கற்றிலை
கிளாலி தாண்டிட்டுது."