மூக்கு

உஸ்து கிராமத்துக்கு மேலே
பீச் மரத்தில் கட்டிய பெட்டிக்குள்
நாற்பது நாள் பிரனீஸ் மலை.
கார் இருக்கையிலேயே பார்த்துவிடுகிறோம்.

காற்று. பெரணி. காற்று.
காளான் பொறுக்க வந்த யாருடையதோ முழங்கால்.
காட்டுப்பன்றி, குட்டிகளோடு.
பிறகு ஒரு முதுகு,
தோளில் திமில் மாதிரி எழும்பி.

"வெட்டுக்காதன்தான்" என்கிறேன்.
மேலிஸ் உதட்டைப் பிதுக்குகிறாள்.
மே மாதம் அவன் எலும்பும் தோலும்,
இதுவோ இலையுதிர்காலத்துக் கொழுப்பு.
காதைக் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் வழக்கு.

அடுத்த படத்தில்
திரை முழுக்க மூக்கு:
ஈரம், இரண்டு துளை, ஒட்டிய புல்லிதழ்.
இத்தனை அருகில் வந்த எவரையும்
எனக்கு அடையாளம் சொல்லத் தெரிந்ததில்லை.

படிவத்தில் 'எந்தக் கரடி' என்றொரு கட்டம்.
கேள்விக்குறி போட்டேன்.
பட்டைப் பிசினில் சிக்கிய மூன்று முடியை
மேலிஸ் இடுக்கியால் எடுத்து உறையிலிட்டாள்.
ஆய்வகம் பதில் சொல்வதற்குள் பனி விழுந்துவிடும்.

புது மெமரி கார்டு செருகப் போனேன்.
லென்ஸில் காய்ந்த மூச்சின் வட்டம்.
துடைக்க வேண்டும்தான்.

நான் முடிச்சுப் போட்ட கயிற்றில்
என் வியர்வை, என் சோப்பு,
அன்று உரித்துத் தின்ற ஆரஞ்சு.
எல்லாவற்றையும் மோந்துவிட்டுத்தான் போயிருக்கிறது.
அதனிடம்
காலியான கட்டம் எதுவும் இல்லை.