இனந்தெரியாத சாதனம்

இரவு யாரும் கேட்காமலே
கொம்பியூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
காலையில் ஷட்டரைத் தூக்கி உள்ளே வந்தால்
திரையில் நீல வானம், ஒரு வணக்கம்:
எல்லாம் ஆயத்தம்.
உங்கள் கோப்புகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

இருக்கட்டும்.
நிறுவைப் பாலமும் வைத்த இடத்தில்தான்,
சம்மாந்துறை மில் வாசலில்.
தன் சிவப்பு இலக்கத்தில் பிழையில்லாமல் சொல்கிறது
5420.
அது என் மேசைக்கு வரவேண்டும்.
நாலு முழ வயர்,
ஆறு வருசமாய் வந்துகொண்டிருந்த வழி.

மஞ்சள் முக்கோணம் ஒன்று. பக்கத்தில்
இனந்தெரியாத சாதனம்.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.
இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைப்
பத்திரிகையில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான்.
செத்தவருக்குப் பெயர் இருக்கும், வயது இருக்கும்.
மற்றவர்களுக்கு இந்த ஒரு சொல்தான்.
ஆனால் இந்த வயரை எனக்குத் தெரியும்.
கல்முனையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு
நானே பேரம் பேசி வாங்கியது.

கீழே இன்னொரு வரி:
டிரைவர் கிடைக்கவில்லை.
ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.
பதினேழு டிரைவர்கள்.
பெட்டி நிறைய மாரி வெள்ளாமை,
மல்வத்தைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிற வானம்.
ஒரு துளி விழுந்தால் ஈரம் ஏறும், விலை இறங்கும்.
ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள்.

ஹில்மிக்கு எடுத்தேன்.
"ரீஸ்டார்ட் பண்ணினீங்களா ராத்தா?"
பண்ணினேன்.
"வயரக் கழட்டி மாட்டினீங்களா?"
மாட்டினேன். ஊதியும் பார்த்தேன்.
"அப்ப அந்தப் பழைய சீடி இரிக்கா?"

சீடி.
போன போகம் வீரமுனைப் புவனேந்திரன் கேட்டார்,
"மினுங்குற சாமான் ஏதும் கிடக்கா பிள்ள,
கிளி விழுந்து கதிரெல்லாம் போகுது."
லாச்சியைத் துடைத்துக் கொடுத்தேன்.
இன்று வரிசையில் ஒன்பதாவது ஆள் அவர்தான்.
யாரோ ஒருவனின் மோட்டார்சைக்கிளில் வயலுக்குப் போய்
நைலோன் கயிற்றோடு கொண்டுவந்தார்.
ஒரு பக்கம் எச்சம், மறுபக்கம் வானவில்.
முந்தானையால் துடைத்து,
பெட்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தேன்.
முன்னுக்கு இல்லை. பின்னுக்கும் இல்லை.
முதலாளி போன வருசம் மாற்றிய பெட்டிக்கு
சீடி தின்ன வாயே கிடையாது.

அடித்தட்டில் பில் புத்தகம் கிடந்தது,
வெக்கையில் ஒட்டிப்போன காபன் தாளோடு.
எழுதத் தொடங்கினேன்.
முதல் ஆள் மீராலெவ்வை,
தாளைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து,
"இது ஏழா, ஒன்றா?" என்கிறார்.
மெசின் வந்த முதல் நாள்
அச்சடித்த பில்லை நம்பாமல்
கீழே கையால் எழுதித் தரச் சொன்னவர்.
"உங்கட கையெழுத்த எப்படிகா நம்புற?"
நான் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
அதற்குப் பிறகு எல்லா ஏழுக்கும்.

பதினேழு பெட்டி. விரல் நுனி ஊதா.
மழை நாலு துளி போட்டுவிட்டு
கடல் பக்கம் போய்விட்டது.

அஸருக்குப் பிறகு ஹில்மி வந்தான்.
பிளேன்டி ஆறிப்போகும்வரை எதையோ தேடினான்,
எதையோ இறக்கினான், இரண்டு தரம் ஏசினான்.
மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது
முக்கோணம் மறைந்தது.
வயருக்கு ஒரு பெயர் வந்தது,
பெயர் என்றால், ஆறு எழுத்தும் நாலு இலக்கமும்.
பாலத்தில் யாரும் இல்லை.
திரையில் 0.

அப்போதுதான் பிரின்டர் விழித்தது.
காலையிலிருந்து நான் அனுப்பி அனுப்பிப் பார்த்ததெல்லாம்
எங்கே கிடந்ததோ,
கர்ர் கர்ர் என்று ஒன்றன்பின் ஒன்றாக:
சோதனை
சோதனை
சோதனை
பதினொரு தாள்.
நிற்பாட்டத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும்
பார்த்துக்கொண்டு நின்றோம்.

சீடியை நாளை புவனேந்திரனிடம் கொடுக்கவேண்டும்.
சிறுபோகத்துக்கு ஆகும்.