பதினோராம் நம்பர் கண்ணாடி

காசிமேட்டில், ஐஸ் பேக்டரிக்குப் பின்னால்
படகு கட்டும் ஷெட்.
ஒரே நாளில் பன்னிரண்டு முகம் எடுக்க வேண்டும்,
கம்பெனியின் வரவேற்பறைச் சுவருக்கு.
பின்னணி வெள்ளை. சிரிக்கலாம், பல் தெரியக்கூடாது.

லைட் இரண்டும் வாடகை.
நாளுக்கு அறுநூறு, குடை தனி.
ரிஃப்ளெக்டரை வீட்டிலேயே விட்டுவந்த பிரிட்டோ
மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியோடு வந்து நின்றான்.
கழுவித்தான் கொண்டுவந்தான்.
ஆனாலும் முதல் ஆறு முகங்களிலும்
மூக்கோரம் ஒரு சின்னச் சுளிப்பு இருக்கும், பாருங்கள்.
அது வஞ்சிரம்.

ஏழாவது ஆள் தேசிங்கு, வெல்டர்.
ஸ்டூலில் உட்கார்ந்தார்,
யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல.
"ரெடியா அண்ணே?"
ஃப்ளாஷ்.
திரையில் உச்சந்தலை.

மறுபடி. உச்சந்தலை.
மறுபடி. கொஞ்சம் நெற்றி, மூடிய இமை.
"நிமிர்ந்தே இருங்க."
"நிமிந்துதாம்மா கீறேன்."

பத்தொன்பது படம் அழித்தபின்
பிரிட்டோதான் கண்டுபிடித்தான்.
கம்பியை இரும்பில் உரசுவதற்கு முன்
முகமூடி சரிந்து விழ ஒரு தலையாட்டு.
ஒரு நாளைக்கு எத்தனை நூறு தரம்,
இருபத்திரண்டு வருஷமாக.
வெளிச்சம் வரப்போகிறது என்று தெரிந்தால்
அந்தக் கழுத்து
என்னைக் கேட்கவா போகிறது?

"நான் ஆட்டலம்மா, அதுவா ஆடுது" என்றவர்
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்:
பதினோராம் நம்பர் கண்ணாடி,
பிஸ்கட் அளவு, ஓரம் உடைந்தது.
"இது வழியாத்தான் நான் வெளிச்சம் பாக்கறது."
வாங்கி என் லைட்டை அதன் வழியாகப் பார்த்தேன்.
இருட்டு.
எரிகிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

இரண்டையும் அணைத்தேன். வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

மணி மூன்று.
கடலைப் பார்த்த கிழக்குக் கதவில் அப்போது சூரியன் இருக்காது,
வெளிச்சம் மட்டும் இருக்கும்.
ஸ்டூலைக் கதவிலிருந்து நாலடி தள்ளிப் போட்டு
ஒரு கன்னம் கடல் பக்கம், ஒரு கன்னம் ஷெட் பக்கம்.
ஷெட் பக்கத்தை அப்படியே விட்டேன்.
பிரிட்டோ மூடியைத் தூக்கினான்;
வேண்டாம் என்றேன். நிழலும் அவருடையதுதான்.

லைட் விழாத வெள்ளைத் துணி
எண்ணூர்ச் சாம்பல் நிறமாயிற்று.
கம்பெனி கேட்ட வெள்ளை இல்லை. இருக்கட்டும்.

எண்பத்தைந்து லென்ஸுக்குத் தூரம் வேண்டும்.
பின்னால் போனேன், போனேன்,
பாதி கட்டிய படகின் வயிறு முதுகில் இடித்தது.
அதை முழுக்கத் திறந்தால்
கண் மட்டும் நிற்கும், காது கரைந்துபோகும்.
அந்தக் கரைசலுக்காகத்தான் அதைக் கடனில் வாங்கினேன்.
இன்னும் ஏழு தவணை.
ஆனால் தேசிங்குவின் இடது காதுமடலில்
பொறி விழுந்த குழி ஒன்று, மிளகு அளவு.
அது கரையக்கூடாது.
எஃப் நாலு.

மீட்டர் வழக்கம்போல் பயந்தது.
கறுப்பு முகம் கண்டால் அதற்குப் பொறுக்காது,
எல்லாரையும் ஒரே சாம்பலாக்கப் பார்க்கும்.
அதன் பேச்சைக் கேட்டு எத்தனை கல்யாணங்களில்
எத்தனை பேரை வெளுத்திருக்கிறேன்.
ஒரு ஸ்டாப் குறைத்தேன்.

"ரெடியா" என்று சொல்லவில்லை.
"இந்தப் படகு எப்ப தண்ணில இறங்கும்?" என்றேன்.
யோசித்தார்.
யோசிக்கும்போது ஆள் இமைப்பதில்லை.
கண்ணில் கதவு இருந்தது,
நீளமாக, சிறியதாக, நடுவில் அலையோ கோடோ.

ஒரே ஒரு படம்.
பார்த்துவிட்டு, "லைட்டே போடலியே" என்றார்,
காசு குறைப்பேனா என்பதுபோல.

அதற்குள் எட்டாவது ஆள், பெயிண்டர் மஸ்தான்,
தலை வாரிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.
"அண்ணே" என்று கத்தினேன்,
"லைட்டை மறைக்காதீங்க."
அவர் திரும்பி
அணைந்திருந்த குடையைப் பார்த்தார்.