அட்டாலியில் ஒரு சர்வர்

கணபதியில், காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி.
வார்னிஷ் வாசம் படியேறி வரும் அறையில்
மூன்று நாளாக இதே பேச்சு:
எதை நிறுவுவது?

முதலாவது, எட்டு ஜிபியையும் தின்றுவிட்டு
இன்னும் இலை போடச் சொன்னது.
எங்களிடம் இருப்பதோ
ஆடிட்டர் ஆபீஸில் கழித்துவிட்ட பழைய பெட்டி,
அட்டாலியில், காலி டின்களுக்குப் பக்கத்தில்.

இரண்டாவது இலகு. அழகும்கூட.
பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும்,
எழுதியது உள்ளே சேர்ந்துவிடும்.
"அந்த மாதிரி பொத்தானைத்தான அன்னைக்கு அழுத்துனேன்"
என்றான் சாந்தலிங்கம்.
விசிறிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தவேண்டிய நிரல்.
யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசில்லை.
ஒரே ஒரு குறி வாய் திரும்பிவிட்டது.
அன்னூர்ப் பக்கம் மூன்று மோட்டார்கள்
வெறுங்காற்றை இறைத்து இறைத்துக் கருகின.
மூன்றும் இந்தக் கீழ்க்கடைக்கே வந்தன.
"உங்க புண்ணியத்துல ஏவாரம் ஆச்சுங்க"
என்று டீ வாங்கிக் கொடுத்தார் மகுடபதி.
குடித்தேன். இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மூன்றாவதுக்குக் கடுகடு முகம்.
எது எங்கே இருக்கிறதென்று தேடியே
ஒரு சாயங்காலம் போயிற்று.
ஆனால், எழுதியவர் தவிர இருவர்
வரிவரியாய்ப் பார்த்துச் சரி சொல்லும்வரை
ஒரு காற்புள்ளியையும் உள்ளே விடாது.
"இருக்கறதே நாலு பேரு. ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டா?"
"காத்திருக்கட்டும்" என்றாள் நசீமா.
அவள் பேச்சு அவ்வளவுதான் நீளம்.

இன்னொன்றும் அதில்:
யார் எந்த வரியில் ஏன் என்று கேட்டார் என்பதையும்
நிரலோடு நிரலாகப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும்.
வாடகை இடத்தில் நாங்கள் போட்ட சண்டையெல்லாம்
கணக்கை மூடிய அன்றே போய்விட்டது.
அதில் ஒரு கேள்வி நசீமாவுடையது.
"இந்தக் குறியோட வாய் எந்தப் பக்கம்?"
பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது
சாந்தலிங்கம் இல்லை, நான்.
அவளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.
அதற்காகவே, மூன்றாவதுக்குக் கை தூக்கினேன்.

நேற்று ராத்திரி நிறுவினோம்.
நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ் கத்தி,
மறுபடி முதலிலிருந்து.

முதல் மாற்றம் என்னுடையது:
அந்தக் குறிக்கு ஒரு சோதனை, ஏழு வரி.
சாந்தலிங்கம் சரி சொல்லிவிட்டான்.
நசீமா நான்காம் வரியில் ஏதோ கேட்டிருக்கிறாள்.
பதிலை இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன்.
கீழே மகுடபதி கம்பி சுற்றுகிறார்,
எண்ணிக்கை தப்பியிருக்க வேண்டும்,
யாரையோ திட்டுகிறார்.